குரலைத் திருத்தலாமா?

ஒருவன் செய்து முடித்த பொருளில் இன்னொருவன் கை வைக்கலாமா? கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது புதிய கேள்வி அல்ல. என் கதை ஒன்றில் இரண்டு பாராவை வெட்டி எறிந்துவிட்டு, "இப்போதுதான் சார் நன்றாக இருக்கிறது" என்று சொன்ன பத்திரிகாசிரியர் உண்டு. அவர் சொன்னது பொய்யும் அல்ல, அதனால்தான் கோபம். கதை விஷயத்தில் இந்தக் கேள்வி சீக்கிரமே மானப் பிரச்னையாகிவிடுகிறது. ஒரு யந்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டால் கொஞ்சம் நிதானமாக யோசிக்கலாம்.

அமெரிக்காவில் மின்னஸோட்டா மாநிலத்து வசீகா என்ற ஊரிலிருந்து, ஈ. எஃப். ஜான்ஸன் கம்பெனியார் 1954-இல் 'வைகிங் ரேஞ்சர்' என்று ஒரு டிரான்ஸ்மிட்டரைக் கொண்டுவந்தார்கள். சம்பாத்தியத்துக்காக அல்லாமல், ஆசைக்காக வானொலியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிற 'ஹாம்' அன்பர்களுக்காகச் செய்தது. முழுக்க முழுக்க வால்வு யந்திரம். குரலை அனுப்பும்போது அதன் கடைசி வால்வுக்குக் கொடுக்கும் சக்தி 65 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றுக்குக் கொடுப்பது போலத்தான். அதைக்கொண்டே நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் இருப்பவரோடு பேசிவிடலாம். இன்றைக்கும் இதைத் துடைத்து வைத்து ஓட்டுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். வயது எதுவானாலும் ஒருவரையொருவர் 'கிழவா' என்று அழைப்பது ஹாம்களின் சம்பிரதாயம். இந்த யந்திரத்தை ஓட்டுகிறவர்கள் விஷயத்தில் அது பெரும்பாலும் மெய்யாகவும் இருக்கும்.

இவர்களுக்கு ஒரு குறை. அந்தக் காலத்து டிரான்ஸ்மிட்டர்கள் குரலைச் சன்னமாக்கிவிடுகின்றன. கனத்த குரல்காரரும் தகரக் குழாய் வழியே பேசுவது போல ஒலிக்கிறார். செய்தவர்கள் தெரியாமல் செய்துவிடவில்லை. மனிதப் பேச்சு புரிவதற்கு வினாடிக்கு 300 அதிர்விலிருந்து 3,000 அதிர்வு வரை இருந்தால் ஏறக்குறையப் போதும். ஆண் குரலின் அடிநாதம் 100, 150 அதிர்வுகளில் இருக்கிறது. அதற்குச் செலவாகும் சக்தி அதிகம், வார்த்தை விளங்குவதற்கு அதனால் பிரயோஜனம் கொஞ்சம். ஆகவே வால்வுக்கும் வால்வுக்கும் நடுவே சிறிய கண்டென்ஸர்களை வைத்துக் கீழ் ஸ்வரங்களைத் தடுத்தார்கள். வேறு சில கண்டென்ஸர்களால் மேல் ஸ்வரங்களை வடித்தார்கள். இருக்கிற சக்தியெல்லாம் புரிய வேண்டிய பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது. டெலிபோனும் இப்படித்தான். அடிநாதம் வராமலே அப்பாவின் குரலை அப்பாவின் குரலாகவே நாம் கேட்கிறோம்; விட்டுப்போனதைக் காது இட்டு நிரப்பிக்கொள்கிறது.

மாற்றுவது பெரிய வித்தை அல்ல. தடுக்கும் கண்டென்ஸர்களை எடுத்துவிட்டுப் பத்து மடங்கு பெரியவற்றை வைக்கிறார்கள். வடிப்பவற்றைக் கழற்றுகிறார்கள். பழைய கிறிஸ்டல் மைக்காக இருந்தால், அது போய்ச் சேரும் வால்வின் ரெஸிஸ்டரை இன்னும் பெரிதாக்குகிறார்கள். அது சிறியதாக இருந்தால் அந்த மைக் அடிநாதத்தைத் தராது. உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் பெரிய கண்டென்ஸர்களில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். இதையெல்லாம் செய்து முடித்தால், இத்தனை வருஷமாக ஒலிபரப்பில் இல்லாத மனிதர் ஒருவர் வந்து பேசுகிறார்.

இது செய்தவருக்குத் துரோகமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுத்தில் வெட்டிய பாரா அச்சான பிறகு திரும்பி வராது. கண்டென்ஸர் அப்படி அல்ல. பழையதை ஒரு காகித உறையில் போட்டு, எது எங்கே இருந்தது என்று எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டால், பின்னால் வருகிறவர் பூர்வ ஸ்திதிக்குக் கொண்டுபோய்விடலாம். மேலும் கண்டென்ஸருக்குத் தாளும் மெழுகும் உபயோகித்த காலம் அது. அப்படிப்பட்டவை கசிந்துபோய் எப்படியும் மாற்ற வேண்டியவையாகத்தான் இருக்கும்.

கஷ்டமான கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. யந்திரத்தின் அந்தச் சன்னக் குரலில் அடுத்தவருக்கு விட்ட இடமும் இருந்தது. இந்த முறையில் குரல், தன் உச்ச அதிர்வைப் போல இரண்டு மடங்கு அகலத்தை ஆகாயத்தில் பிடித்துக்கொள்கிறது. 3,000 அதிர்வுக் குரலுக்கு 6 கிலோஹெர்ட்ஸ். அதை 5,000 ஆக்கினால் 10. அந்த நான்கு யாருடையது? பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கிறவருடையது. 1960-களில் பெரும்பாலான ஹாம்கள் 'சிங்கிள் சைட்பேண்ட்' முறைக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு 3 கிலோஹெர்ட்ஸ் போதும். தேவைக்கு மேல் அகலம் கொள்ளக் கூடாது என்று அமெரிக்கச் சட்டமும் சொல்கிறது. தேவை எவ்வளவு என்று எண் போட்டுச் சொல்லவில்லை. பேச்சை அளவுக்கு மேல் ஏற்றினால் இன்னும் மோசம்: அலை ஒரு கணம் அறுந்து, அதன் சிதறல் தூரத்துப் பேச்சுக்களிலும் போய் விழும்.

"புரிந்தால் போதாதா, அழகு வேறு எதற்கு?" என்று கேட்கிற பிரகிருதிகளுக்கு நான் என்றும் பரிந்து பேசியதில்லை. இந்த மனிதர்களில் பலர் ஒருவரையொருவர் கண்ணால் பார்த்ததே இல்லை. வருஷக்கணக்காக வந்து போவது குரல் ஒன்றுதான். அங்கே மனிதனுக்கு முகமும் அதுதான், தோளும் அதுதான். அதில் பாதியைக் கழித்துக்கொண்டு வா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதே குரல், பக்கத்தில் நோயாளி மனைவிக்கு மருந்து விசாரித்துக்கொண்டிருக்கும் இன்னொரு கிழவர் காதில் இரைச்சலாக விழுமானால், அதன் இனிமையைப் பற்றி அவரிடம் என்ன சொல்வது?

நேரம் பார்த்துச் செய்யலாம் என்பது என் அபிப்பிராயம். இந்தப் பழைய முறைக்காரர்கள் கூடுகிற இடங்கள் உண்டு. 3,885 கிலோஹெர்ட்ஸ் அவற்றில் ஒன்று. பக்கத்தில் ஆளில்லாத நடுநிசியில் அங்கே அவர்கள் நெஞ்சு நிறையப் பேசட்டும். சாயங்கால நெரிசலில் பழைய தகரக் குழாயே இருக்கட்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு சின்ன சுவிட்ச் வைத்தால் போயிற்று. ஆனால் அதற்காக யந்திரத்தின் முன்பலகையில் துளை போடுவதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். தகரத்தில் போட்ட துளையைக் காகித உறைக்குள் வைத்துத் திருப்பித் தர முடியாது. பின்பக்கத்தில் ஏற்கனவே இருக்கிற ஓட்டை ஏதாவது அகப்படுகிறதா என்று தேடட்டும்.