பைரவர் வாகனமும் வாசல் நாயும்

நாயைத் தொட்டுத் துப்புரவு செய்வது அறத்தில் சேருமா, வெறும் வளர்ப்பு வேலையா என்ற கேள்விக்குத் தமிழ்ச் சமய மரபில் ஒரே விடை இல்லை. மாணிக்கவாசகர் தம்மைத் தாழ்த்திக்கொள்ள எடுத்த சொல் ‘நாயேன்’. அதே நாய்தான் பைரவரின் வாகனம். மகாபாரதத்தின் முடிவில், கூடவே வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வர மாட்டேன் என்று தருமன் நின்றுவிடுகிறான்; அந்த நாய் அறக்கடவுளாக வெளிப்படுகிறது. காசியில் நான்கு நாய்களோடு எதிரே வந்தவனை ஆதிசங்கரர் தீட்டு கருதி விலகச் சொல்ல, விலக வேண்டியது உடம்பா ஆன்மாவா என்று அவன் திருப்பிக் கேட்டதாகக் கதை உண்டு. நாயைத் தொடுவதா வேண்டாமா என்ற தயக்கத்துக்கு இதைவிட நேரான கேள்வியை எவரும் கேட்டதில்லை.

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில், கடலை ஒட்டிய கோலா சுங்கை பாரு போன்ற வட்டாரங்களில் இது ஏட்டோடு நிற்கும் கேள்வி அன்று. ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த தோட்டப்புறத்தில் வாசலுக்குக் காவல் நாய்தான். தேய்பிறை அஷ்டமியில் பைரவரை வணங்கி, நாய்க்குச் சோறு வைப்பவர்கள் உண்டு. நல்ல வழக்கம்தான், ஆனால் வெங்காயம் போட்ட வடையும் உலர்திராட்சை சேர்ந்த பாயசமும் நாய்க்கு நஞ்சு. வெறும் சோறே போதும்.

சோறு வைத்ததோடு கடமை முடிகிறதா என்பதற்கு வள்ளலாரிடம் தெளிவு கிடைக்கிறது. 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கிய அவர், உயிர்களுக்கு வரும் துன்பங்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என்று வகுத்தார். பசியையும் கொலையையும் நீக்குவதே அவருக்கு முதன்மை. ஆனாலும் பிணி அந்த வரிசையில் இருக்கிறது. நாய்க்குப் பிணி தோல் வழியாகவும் நுழைகிறது. அதைத் தடுக்கும் முதல் மருந்து வளர்ப்பவரின் கைதான்.

இந்த ஊர்களில் வெயிலும் ஈரமும் ஆண்டு முழுவதும் இருப்பதால் உண்ணிக்கு ஓய்வுக்காலமே கிடையாது. காதின் உள்மடிப்பு, கால் விரல்களின் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் என்று கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து அது ஒட்டிக்கொள்ளும். முதலில் மிளகளவு இருக்கும். இரத்தம் குடித்து ஊதினால் சாம்பல் நிற மொச்சைபோல் ஆகும். அப்படி ஊதிய பெண் உண்ணி கீழே விழுந்து சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதற்கு முன்பே, தோலோடு ஒட்டிய இடத்தில் இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிட வேண்டும். நகத்தால் நசுக்கக் கூடாது. உண்ணிகள் எர்லிக்கியா, பபேசியா கிருமிகளை நாயின் இரத்தத்தில் சேர்க்கின்றன. காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் இரத்தம், கறுத்த சிறுநீர் என்று தெரியவரும்போது நோய் முற்றியிருக்கக்கூடும்.

சீப்பு போடுவதன் பயன் அழகோடு நிற்பதில்லை. உதிர்ந்த முடி வெளியேறுகிறது, தோலின் எண்ணெய் முடி நெடுகப் பரவுகிறது, சடை விழாததால் அடியில் ஈரம் தங்கிப் புண்ணாவதில்லை. தடவும் விரலுக்குக் கட்டியும் காயமும் முதலிலேயே தட்டுப்படும். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாத உயிருக்கு அந்த விரல்தான் வாய். வளர்ந்த நகம் நடையைக் கோணலாக்கும், பிளந்தால் இரத்தம் வரும். குளியல் அளவோடு போதும். நாயின் தோல் மனிதத் தோலைவிடக் காரத்தன்மை கூடியது. ஆகவே மனிதர் போடும் சவர்க்காரம் அதற்கு ஒத்துவராது. குளித்தபின் காதுவரை நன்றாகத் துடைத்துவிட வேண்டும்.

சொறி கண்ட நாய்க்குப் பழைய எஞ்சின் எண்ணெய் பூசுவது இன்னும் மறையாத கொடிய பழக்கம். நாய் அதை நக்கி விழுங்குகிறது. தோல் வழியாகவும் நஞ்சு ஏறுகிறது. இரக்கத்தில் செய்ததாக இருந்தாலும் இது துன்புறுத்தலே. மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் வலி, நோயிலிருந்து விலங்கைக் காப்பது உரிமையாளர் கடமை என்கிறது. சொறிக்கு மருந்து கால்நடை மருத்துவரிடம் இருக்கிறது.

தீட்டு என்ற சொல்லுக்கு இந்த ஊர்களில் பக்கத்து வீட்டிலும் ஒரு பொருள் உண்டு. மலேசிய முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபிஈ வழியில், நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். மலாய் வழக்கில் இது சமாக். ஆகவே நாயைக் குளிப்பாட்டும் நீர் அண்டை வீட்டு வாசலுக்கு ஓடாமலும், சீவிய முடி காற்றில் பறக்காமலும், ஈர நாய் வேலி தாண்டாமலும் பார்த்துக்கொள்வது அந்த வேலையிலேயே ஒரு பகுதி. பொதுக் குழாயடியை விட்டுத் தன் வீட்டுப் பின்கட்டில், கயிற்றில் கட்டி, வெயில் ஏறுவதற்குமுன் முடித்துவிட்டால் நாய்க்கும் நல்லது, பக்கத்து வீட்டாருக்கும் மனக்கசப்பு இராது.