கிழவராக வந்த வேலவன்



வள்ளி திருமணக் கதையில் நாம் வேகமா கடந்து போயிடுற ஓர் இடம் இருக்கு. வேடனா வந்தார், வேங்கை மரமா நின்னார், அப்புறம் கிழவரா வந்தார். அந்தக் கிழவரைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

தள்ளாடி வந்தவர் முதல்ல பசிக்குதுன்னார். வள்ளியம்மை தேனும் தினைமாவும் கொடுத்தாங்க. சாப்பிட்டதும் தாகம்னார். சுனைக்கு வழி காட்டினாங்க. தண்ணி குடிச்சதும் "என்னைக் கட்டிக்கோ"ன்னார். வள்ளிக்கு வந்ததே கோபம்! அப்புறம் யானை வந்த கதை எல்லாருக்கும் தெரியும்.

வந்தது யாருன்னு தெரியாமலே ஒரு வயசானவருக்குப் பசியாத்தினாங்க வள்ளி. அறந்தாங்கியில் எங்க வீட்டில் இது தலைகீழா நடக்குது. அப்பத்தாவுக்கு அல்சைமர் நோய். ஊட்டி விடுறது யாருன்னு சாப்பிடுற அப்பத்தாவுக்குத் தெரியாது. எங்கம்மாவைப் பார்த்து "நீ யார் வீட்டுப் பொண்ணு தாயி?"ன்னு கேப்பாங்க. கை கழுவின ஈரம் காயறதுக்குள்ள திண்ணையில உக்காந்து, போறவங்க வர்றவங்ககிட்ட "எனக்கு இன்னும் சோறு போடல"ன்னு சொல்வாங்க. கேட்டவங்க எங்கம்மாவை ஒரு மாதிரி பார்ப்பாங்க. மருமகளாச்சே!

அப்பத்தா பொய் சொல்லல. புதுசா நடக்கிறதைப் பதிய வைக்கிற மூளைப் பகுதிதான் இந்த நோயில் பெரும்பாலும் முதல்ல அடிபடுது. எங்க ஐ.டி. பாஷையில சொன்னா, பழைய ஃபைல் திறக்குது, புதுசு சேவ் ஆகல. என் பேர் மறந்துபோச்சு. கந்த சஷ்டி கவசத்தை மட்டும் ராகத்தோட பெரும்பாலும் சொல்லிடுறாங்க.

வயசானா மறதி சகஜம்னு விட்டுடாதீங்க. 1906லயே ஜெர்மனி மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் இதை ஒரு நோயா விவரிச்சுட்டார். நம்ம கந்தசாமி குடியிருக்கிற திருப்போரூர்ப் பகுதியிலேயே 60 வயசு தாண்டின 750 பேர்கிட்ட ஆய்வு நடத்தி 1997ல வெளியிட்டாங்க. ஆயிரத்துக்கு சுமார் 35 பேருக்கு மறதி நோய் இருந்துச்சு. அதில் பெரிய வகைதான் அல்சைமர். 2023ல வந்த தேசிய மதிப்பீடு, இந்தியாவில் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்குன்னு சொல்லுது. நகரத்தை விட கிராமத்தில் அதிகமாம். ஆனா தைராய்டு குறை, பி12 குறை, மனச்சோர்வு இதுகளாலயும் மறதி வரும். அதெல்லாம் வைத்தியத்தில் சரியாகக் கூடியது. அதனால முதல்ல டாக்டரைப் பாருங்க. அல்சைமரை முழுசா குணமாக்க மருந்து இல்லை, சிலருக்குக் கொஞ்சம் தணிக்க மாத்திரை இருக்கு.

இப்போ அந்தக் கோபத்துக்கு வருவோம். ஒரு ராத்திரி அப்பத்தா நாலாவது தடவையா எழுந்து கதவைத் தட்டினப்போ அம்மா கத்திட்டாங்க. அப்புறம் சாமி படத்துக்கு முன்னாடி உக்காந்து "பாவம் பண்ணிட்டேன் முருகா"ன்னு அழுதாங்க. நான் அவங்களுக்கு வள்ளியைத்தான் நினைவுபடுத்தினேன். கிழவர் மேல கோபப்பட்டதுக்காக முருகன் வள்ளியை ஒதுக்கிட்டாரா? அதே வள்ளியைத்தானே பக்கத்தில நிக்க வெச்சிருக்கார்? அதுவும் வள்ளி பார்த்துக்கிட்டது ஒரு பொழுது. அம்மா பார்த்துக்கிறது நாலு வருஷமா, ராத்திரியும் சேர்த்து.

பாதயாத்திரைக்கு நீர்மோர்ப் பந்தல் போடுறோம், அன்னதானத்துக்கு வரிசையில நின்னு பரிமாறுறோம். நல்லது. அதே கையோட, உங்க தெருவில் இப்படி ஒரு வீடு இருந்தா ரெண்டு மணி நேரம் போய் உக்காருங்க. "பாட்டி எப்படி இருக்காங்க"ன்னு கேக்கிற நாம, பாட்டியைப் பார்த்துக்கிறவங்களை "நீங்க தூங்கினீங்களா"ன்னு கேக்கிறதில்லை. எங்க பக்கத்து வீட்டு அத்தை கிருத்திகைக்குக் கிருத்திகை சாயங்காலம் வந்து உக்காருவாங்க. அம்மா கோயிலுக்குப் போய், சும்மா அரை மணி நேரம் தூணில் சாஞ்சு இருந்துட்டு வருவாங்க.

உக்காரப் போறவங்களுக்கு ஒரு விஷயம்: வாதாட வேண்டாம். பொழுது சாஞ்சா அப்பத்தா "வீட்டுக்குப் போகணும்"பாங்க. "இதுதானே உங்க வீடு"ன்னு சொன்னா பயம் கூடும். "போவோம் அப்பத்தா, காப்பி குடிச்சுட்டு"ன்னா அடங்கிடும். அவங்க சுருக்குப்பையில் எங்க போன் நம்பர் எழுதின சீட்டு இருக்கு. ஒருநாள் கிளம்பி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டாங்க. அங்கே டீக்கடை அண்ணன் சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

பார்த்துக்கிறவங்க மனசு விட்டுப் பேச டெலிமானஸ் 14416, முதியோர் உதவிக்கு 14567. ரெண்டும் இலவசம். இந்தப் பதிவை ஃபார்வர்டு பண்றப்போ நம்பரையும் சேர்த்து அனுப்புங்க.

வேலும் மயிலும் துணை.