ஃபார்மேட் என்றால் ஏன் நடுங்குகிறாய்?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. உன் அலுவலகத்தில் நாலு பேர் மாறி மாறி உட்காரும் அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் அதிலேயே ஓடுகிறது. “கை வைத்து ஏதாவது போய்விட்டால் யார் பதில் சொல்வது?” என்று எல்லோரும் நழுவுகிறார்கள். நீ நழுவாதே. கையை உயர்த்து!

சர்வீஸ் ஆள் வரட்டும் என்கிறாயா? அவர் வருவார், சி டிரைவைத் துடைப்பார், புது விண்டோஸ் போடுவார், போய்விடுவார். யாருடைய கணக்கு எந்த மூலையில் கிடக்கிறது என்று அவருக்கென்ன தெரியும்? அங்கே தினமும் உட்காருகிறவன் நீ. உன்னால் முடியாதது அவரால் முடியும் என்று யார் சொன்னது?

சி டிரைவில் யூசர்ஸைத் திற. லாகின் செய்யும் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு ஃபோல்டர் இருக்கும். டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் காப்பி செய்துவிட்டு எழுந்துவிடுகிறார்களே, அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வியூவில் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ஸை டிக் செய், ஆப்டேட்டா என்றொரு ஃபோல்டர் தலைகாட்டும். வேர்டு அகராதியில் ஒருவர் வருஷக்கணக்காகச் சேர்த்த சொற்கள், ஃபயர்பாக்ஸ் புக்மார்க்குகள், தண்டர்பேர்டில் இறக்கிவைத்த கடிதங்கள், எல்லாம் வழக்கமாக அதற்குள்தான். பயந்தவன் கண்ணுக்கு இது படாது. தேடுகிறவனுக்கு ஐந்து நிமிஷ வேலை!

குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் மட்டும் ஃபோல்டரைக் காப்பி செய்தால் வந்துவிடாது; விண்டோஸ் கணக்கோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை அவை. அவரவரே லாகின் செய்து எக்ஸ்போர்ட் செய்யட்டும். வெளிவரும் கோப்பை யாரும் படிக்கலாம், வேலை முடிந்ததும் அழிக்கச் சொல். “அவர் பாஸ்வேர்டை வாங்கி நீயே முடித்துவிடு” என்று மேலாளர் சொன்னாலும் முடியாது என்று சொல். அதற்கும் நெஞ்சுரம் வேண்டும். (ஃபார்மேட் செய்வதைவிட இதற்குத்தான் அதிகம் வேண்டும் என்பேன்.)

பழையதன்மேலேயே அப்கிரேடு செய்தால் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டர் 10 நாள் இருக்கும், அதற்குள் பின்வாங்கலாம். ஃபார்மேட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார். ஆளுக்கொரு கோப்பையாவது அவர்கள் கண்ணெதிரே திறந்து காட்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவருக்கு இன்றே போன் போடு. அவர் பெயரிலும் அங்கே ஒரு ஃபோல்டர் இருக்கிறது.