குளத்துக் கோரையும் நம் நிய்யத்தும்

கொல்லிமலை அடிவாரத்திலிருந்து சகோதரர் ஒருவர் நம்மிடம் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர்க் குளத்தில் ஆகாயத்தாமரையும் கோரையும் மண்டிவிட்டன. ஒரு தழை மிச்சமில்லாமல் வழித்தெடுக்க வேண்டும் என்கிறார்கள் வாலிபர்கள். பறவைகள் கூடு கட்டியிருக்கின்றன, தொடவே கூடாது என்கிறார் ஒரு பெரியவர். எது ஆகும்?"

இரு தரப்பாரின் நிய்யத்தும் நல்லதே. ஆனால் நிய்யத்து நல்லதாயிருந்தால் போதுமா? நம் காரியத்தால் யாருக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்பதும் கடமையில்லையா? நாம் பதில் தேட வேண்டியது இதற்குத்தான்.

ஆகாயத்தாமரையைப் பற்றித் தயக்கம் வேண்டாம். ஊதாப் பூவின் அழகுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட செடி அது. வாய்ப்பான நீரில் இரண்டொரு வாரத்தில் இரு மடங்காகிவிடும். நீரை மூடி, வெளிச்சத்தைத் தடுத்து, மீனுக்கு மூச்சு முட்டச் செய்யும். மீன் போனால் கொக்கும் மீன்கொத்தியும் அங்கே எதற்கு இருக்கும்?

கோரை, சம்பு, அல்லி, தாமரை ஆகியவற்றின் நிலை வேறு. இலைக்கோழி மிதக்கும் இலைகளின் மேலேயே முட்டையிடும். அடைகாப்பது ஆண் பறவை. (தகப்பன்மார் கவனிக்க!) தாழைக்கோழிக்குக் கோரைப் புதர்தான் வீடு. முக்குளிப்பான் நீர்ச்செடிகளைக் குவித்து மிதக்கும் கூடு கட்டும். அவற்றை முழுவதும் வழித்தெடுத்தால் குளம் சுத்தமாகும், வீடுகள் போய்விடும். குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த பறவையைக் கண்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்து நாம்.

அப்படியானால் பெரியவர் சொல்வதே சரியா? அதுவுமில்லை. வாத்துக்குத் திறந்த நீர் வேண்டும். உள்ளானுக்குக் கணுக்காலளவு நீரும் சேற்று விளிம்பும் வேண்டும். அமெரிக்காவின் அயோவா சதுப்புகளை ஆராய்ந்த வெல்லர், ஸ்பாட்சர் என்ற இருவர், செடியும் திறந்த நீரும் ஏறக்குறையப் பாதிப்பாதியாகக் கலந்திருக்கும்போதே பறவைகள் மிகுதியாக இருப்பதாக 1965இல் எழுதினார்கள்.

தொடாமலிருப்பதும் கேடாகலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் சதுப்பு, நீர்ப்பறவைகளுக்குப் பேர்பெற்றது. தேசியப் பூங்காவாக்கப்பட்ட அவ்விடத்தில் 1982இல் கால்நடை மேய்ச்சல் அடியோடு தடுக்கப்பட்டது. தலைமுறைகளாக எருமை மேய்த்தவர்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. எல்லாம் பறவைகளின் நன்மைக்கென்றே! பறவையியல் மேதை சாலிம் அலியும் தடையை ஆதரித்தவர்தாம். பிறகு நடந்தது என்ன? எருமைகள் தின்று கட்டுக்குள் வைத்திருந்த நீர்ப்புல் தடையின்றிப் பரவித் திறந்த நீரை மூடியது. பல பறவைகளுக்கு இடமில்லாமல் போயிற்று. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் பத்தாண்டு ஆய்வு, எருமை மேய்ச்சலால் நன்மையே இருந்தது என்று கூறியது. தான் சார்ந்து நின்ற கருத்துக்கு மாறாக வந்த முடிவை அச்சங்கம் மறைக்காமல் வெளியிட்டதை நாம் மெச்சுகிறோம். ஆனால் போன உயிர்கள் திரும்பவில்லை. மேய்ப்பவர்களிடம் முன்பே உட்கார்ந்து கேட்டிருந்தால், புல்லைப் பற்றி அவர்களும் சொல்லியிருப்பார்களே!

ஆகவே சகோதரருக்கு நாம் சொல்வது: வேலையைக் கோடையில், நீர் வற்றிய காலத்தில், கூடுகளைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முட்டையோ குஞ்சோ இருக்கும் பகுதியை விட்டுவிடுங்கள். ஆகாயத்தாமரையை வேரோடு எடுத்துக் கரைக்கு மேலே குவித்து எருவாக்குங்கள். நீரிலேயே அழுகவிட்டால் மீன் சாகும். களைக்கொல்லி மருந்து வேண்டவே வேண்டாம். கோரையை ஒரே ஆண்டில் முழுவதும் அறுக்காமல், இவ்வாண்டு ஒரு பக்கம், அடுத்த ஆண்டு மறுபக்கம் என்று திட்டுத் திட்டாக அறுங்கள். கரையைச் செங்குத்தாகச் சிமெண்டால் பூசிவிடாதீர்கள். நீளக்கால் பறவை நிற்பதற்குச் சரிவான சேறு வேண்டும்.

கோரை அறுத்து விற்றுப் பிழைப்பவர்களுக்கும், எருமை வைத்திருப்பவர்களுக்கும் அக்குளத்தில் ஹக்கு உண்டு. வாலிபர்கள் கூடிப் பேசும்போது அவர்களையும் உட்கார வையுங்கள். கூடுகள் எந்தப் பக்கம் என்பதைச் சகோதரர் நமக்கு எழுதவில்லை. அன்றாடம் குளத்தில் இறங்குகிற அவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.