வெண்மை யாருக்கு?

ஆகஸ்டு 15 நம் ஆலய முற்றங்களில் இரட்டை விழா. அன்னை மரியாளின் விண்ணேற்புப் பெருவிழாத் திருப்பலி முடிந்ததும் மூவண்ணக் கொடி ஏற்றப்படுகிறது. சிறுவர்க்கு மிட்டாய் வழங்கப்படுகிறது. "காவி இந்துக்களுக்கு, பச்சை இசுலாமியருக்கு, வெண்மை நமக்கு" என்று பெரியவர் ஒருவர் அவர்களுக்கு விளக்குவதை நம்மில் பலர் கேட்டிருப்போம். நாமே சொல்லியும் இருப்போம். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இவ்விளக்கம் சரியானதுதானா?

வரலாற்றில் இதற்கு ஒரு வேர் உண்டு. 1921இல் விஜயவாடாவில் பிங்கலி வெங்கையா காந்தியடிகளிடம் ஒரு கொடி வடிவத்தை அளித்தார். அதில் சிவப்பு இந்துக்களையும் பச்சை இசுலாமியரையும் குறித்தன. ஏனைய சமயத்தாருக்கென வெண்மையைச் சேர்க்கச் செய்தவர் காந்தியடிகள். இராட்டையும் கொடியில் இடம்பெற்றது. ஆயினும் சமயத்துக்கு ஒரு நிறம் என்ற எண்ணம் நிலைக்கவில்லை. தங்கள் நிறமும் வேண்டும் எனச் சீக்கியர் கேட்டனர். சிலருக்குப் பங்கு கொடுத்தால் விடுபட்டவர் வருந்துவது இயல்புதானே! எனவே 1931 ஆகஸ்டில் அகில இந்தியக் காங்கிரஸ் குழு காவி, வெண்மை, பச்சை என நிறங்களை வகுத்து, இவை எச்சமயத்தையும் குறிப்பன அல்ல என்று தெளிவாக்கிற்று.

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை, இராட்டைக்குப் பதிலாக 24 ஆரக்கால்கள் கொண்ட அசோகச் சக்கரத்துடன் இக்கொடியை ஏற்றது. காவி பற்றின்மை, வெண்மை வாய்மையின் ஒளி, பச்சை மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு, சக்கரம் அறம் என அச்சபையில் விளக்கினார் டாக்டர் இராதாகிருஷ்ணன்.

அப்படியானால் நமக்கென இருந்த ஒரு பட்டையை நாம் இழந்துவிட்டோமா? இல்லை. மூன்றில் ஒன்று நமது என்போமாயின், மற்ற இரண்டும் நமதல்ல என்று நாமே ஒப்புக்கொள்கிறோம். பற்றின்மை நம் துறவியர் வாழ்வில் இல்லையா? வயலின் பசுமை நம் உழவர்க்கு உரியதன்றா? வாய்மையை நமக்கு மட்டும் உரியதாக்க நாம் யார்?

குமரி மாவட்டத்தில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. அண்டை ஊரார் ஒருவரையொருவர் சமயத்தின் நிறத்தால் மட்டுமே பார்த்தால் என்ன நேரும் என்பதை 1982இல் மண்டைக்காட்டில் மூண்ட கலவரம் நமக்குக் காட்டியது.

தனி நிறம் இல்லையெனில் நாம் கரைந்து மறைந்துவிடுவோமே எனச் சிலர் அஞ்சலாம். அச்சத்திற்குக் காரணமும் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் கீழ், பட்டியல் சாதியினருக்கான உரிமைகள் தலித் கிறிஸ்தவர்க்கு இன்றும் மறுக்கப்படுகின்றன. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அவை வழங்கப்பட்டன. இந்நீதியை நாம் எந்த உரிமையில் கேட்கிறோம்? வெண்பட்டைக்குச் சொந்தக்காரராய் அன்று. கொடி முழுவதற்கும் உரிய குடிமக்களாய். நிறத்தில் சமயம் பாராத கொடியின் கீழ் உரிமையிலும் சமயம் பார்க்கலாகாது என்பதே நம் வாதம். அவ்வாறு வாதிடும் நாம், நம் பங்குகளில் சாதி பார்த்து எவரையும் ஒதுக்குவோமாயின், நம் வாதத்தை நாமே தோற்கடிக்கிறோம்.

புத்தளம் உப்பளங்களில் உப்பு வெண்குவியலாய்க் கிடக்கிறது. உணவில் கரைந்த பிறகே அது பயன் தருகிறது. கரைந்தும் தன் சுவையை இழப்பதில்லை. ஆண்டவர் நம்மை உப்பு என்று அழைத்ததன் பொருள் இதுவன்றோ?

எனவே வரும் ஆகஸ்டு 15 அன்று கொடிமரத்தடியில் நிற்கும் சிறுவர், "வெண்மை யாருக்கு?" என்று கேட்டால், "எல்லாருக்கும், காவியும் பச்சையும் நமக்கும்தான்" என்று சொல்லிக் கொடுப்போம்.