எழுதுகோலுக்குச் சடங்கு எதற்கு?

எழுத்து எங்கிருந்து பிறக்கிறது? அழகிய அறையிலிருந்தா? குறித்த வேளையிலிருந்தா? மேசைமீது வைத்த மலரிலிருந்தா?

செருமானியக் கவிஞர் ஷில்லர், தம் மேசை இழுப்பறையில் அழுகிய ஆப்பிள் பழங்களை வைத்திருந்தாராம்; அந்த வாடையின்றி அவரால் எழுத இயலாதாம். நண்பர் கதே கூறிய செய்தி இது. பழத்திலா இருந்தது கவிதை? இல்லை! அந்த வாடையிலேயே எழுதிப் பழகிய மனம், வாடை வந்ததும் வேலைக்கு விழித்தது. அது பழக்கம். பழக்கத்துக்கு அருள் உண்டென நம்பினால், அது சடங்கு!

கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவுக்கு மலரும் இல்லை, மணமும் இல்லை. 1978-இல் கமிட்டி சிறையில், கழிப்பறைத் தாளில், தாய்மொழியாம் கிக்கூயுவில் ஒரு புதினமே எழுதினார்!

அப்படியானால் அறையே வேண்டாமா? வேண்டும்! சிறை, அவரது உறுதிக்குச் சான்று. எழுத்துக்கு உகந்த இடம் அதுவே என்பதற்குச் சான்றன்று. பெண் புனைகதை எழுதத் தனி அறையும் ஆண்டுக்கு 500 பவுன் வருவாயும் வேண்டுமென்று 1929-இல் வர்ஜீனியா வுல்ஃப் எழுதினார். அவர் கேட்டது சடங்கையன்று, உரிமையை! அடுப்படியிலும் தொட்டிலருகிலும் பொழுதெல்லாம் கரைந்தவள் எழுதாது போன நூல்கள் எத்தனை? அவளுக்குத் திறமையில்லை என்றல்லவா தீர்ப்பளித்தது உலகம்!

தோழரே! அறை கிடைத்ததா? அதைக் கோயிலாக்காதீர், பட்டறையாக்குவீர்! கிடைக்காதோர்க்கு இடமும் ஓய்வும் கிடைக்கப் பாடுபடுவீர்! நல்ல வேளை வருமென்று காத்திராதீர். எழுதும் வேளையே நல்ல வேளை!