விரைவும் வேட்கையும்

மாஹிம் உபாசகர் ஒருவர், தம் மகன் ரூபிக் கனசதுரத்தை விரைந்து சீர்படுத்தப் பயில்வது கண்டு, "விரைவை விரும்புதலும் வேட்கையன்றோ?" என வினவினார். தள்ளத்தக்க வினா அன்று.

எர்னோ ரூபிக் 1974இல் இயற்றிய இப்பொருள் எங்ஙனம் கலைந்திருப்பினும் 20 திருப்பங்களுக்குள் சீர்ப்படும் என்பது 2010இல் நிறுவப்பட்டது. 1982இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் வென்றவர் கொண்ட நேரம் 22.95 விநாடி, 2023இல் மாக்ஸ் பார்க் 3.13 விநாடியில் முடித்தார்.

கோசம்பியில் உண்ணாபன் எனும் அந்தணர், விருப்பத்தால் விருப்பத்தைத் துறப்பதாயின் அதற்கு முடிவே இராதே என ஆனந்த தேரரிடம் தடை எழுப்பினார். இச்சோலைக்கு வரும் விருப்பம் இங்கு வந்தபின் தணிந்ததன்றோ எனத் தேரர் கேட்டார். கனசதுரத்தைச் சீர்படுத்தும் விருப்பமும் அவ்வாறே தணியும். விநாடியைக் குறைக்கும் விருப்பத்திற்கோ சோலை யாது? 60 வந்தால் 30, பின்னர் 20. இரு தறி பார்த்தவனை நான்கு பார்க்கச் சொன்ன ஆலை நினைவுக்கு வருகிறது. அங்கே ஏவியவர் முதலாளி, இங்கே தன் மனமே.

எனினும் தேர்ந்தோர் புதியவர்க்குக் கூறுவது, "மெல்லத் திருப்புக" என்பதே. கை ஒரு துண்டைப் பொருத்துகையில் கண் அடுத்ததைத் தேடவேண்டும். இடையிலுள்ள தயக்கம் ஒழிவதாலேயே நேரம் பெரிதும் குறைகிறது. அப்போது விநாடியை நினைப்பவன் துண்டைக் காணத் தவறுவான். இவ்வூக்கத்தைப் பாலி நூல்கள் கூறும் சந்தம் என்பேன்; தண்ஹா வேறு.

உபாசகருக்கு யான் உரைத்தது இது: கடிகாரத்தை ஒரு வாரம் பெட்டியில் பூட்டிவையுங்கள். அப்போதும் மகன் கனசதுரத்தை நாடுவானாயின் தடுக்க வேண்டா.